குழி யாருடையது?

(கோவில்பட்டியில் தோழர்களின் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விபத்தில் மாண்டவர் இன்னார்தான் என்பதில் ஐயம் எழுந்துவிட்டால், புதைத்த உடலை மீண்டும் தோண்டி எடுக்கலாமா, கூடாதா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதே இன்று எனக்கு இடப்பட்ட பணி.

கூலியைப் பற்றிப் பேசலாம். குடிநீரைப் பற்றிப் பேசலாம். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் நியாய விலை கேட்டுப் பேசலாம். பிணக்குழியைப் பற்றிப் பேச அரசியலுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பார் உண்டு. இருக்கிறது, தோழர்களே! மாண்ட பின் மன்னனும் ஆண்டியும் சமம் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சொல் அழகானது, நடப்பு அப்படி இல்லை. ஒருவன் குழிமேல் பளிங்குக் கல் நின்று அவன் பெயரைச் சொல்கிறது. இன்னொருவன் குழிமேல் வெறும் எண் இருக்கிறது. மூன்றாமவன் எந்தக் குழியில் கிடக்கிறான் என்பதே அவனைப் பெற்றவளுக்குத் தெரியாது. அந்த மூன்றாமவன் பெரும்பாலும் உழைப்பாளியாகவே இருக்கிறான் என்பது தற்செயல் அன்று.

கயத்தாற்றின் இரத்தம், பெட்டிமுடியின் மண்

தொலைவுக்குப் போக வேண்டாம். நமக்குத் தெற்கே இருக்கும் கயத்தாற்றை எண்ணிப் பாருங்கள். வானம் பார்த்த இந்தக் கரிசல் பூமியில் மழை பொய்த்த ஆண்டுகளில், கங்காணியின் பின்னே மலையேறிப் போனவர்கள் எத்தனை குடும்பங்கள்! மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களில் அவர்கள் பிள்ளைகள் பிறந்தார்கள். பேரப்பிள்ளைகள் கொழுந்து கிள்ளினார்கள். ஓய்வு பெற்றால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதால், ஊரோடு உள்ள உறவை மட்டும் அவர்கள் அறுத்துக்கொள்ளவில்லை. 

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. கண்ணன் தேவன் தோட்டத்து லயங்கள் உறங்கிக்கொண்டிருந்தவர்களோடு மண்ணுக்குள் போயின. 70 உயிர்கள் மாண்டன. அவர்களில் மிகப் பலர் கயத்தாற்று வட்டாரத்து வேர்களை உடையவர்கள். கிடைத்த உடல்கள் 66. நான்கு பேர் கிடைக்கவே இல்லை. தேடுதல் இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்தது. வெள்ளம் அடித்துச் சென்ற உடல்களை ஆற்றோரமாகப் பல கிலோமீட்டர் தள்ளி எடுக்க வேண்டியிருந்தது. கொரோனாக் காலம், ஊருக்குக் கொண்டுவர வழியில்லை. ராஜமலையிலேயே கூட்டுக் குழிகள் வெட்டி அடக்கம் செய்தார்கள்.

அங்கே அடையாளம் தவறிவிட்டது என்று நான் கூற வரவில்லை. முதல் நாட்களில் எடுத்த உடல்களைப் பார்த்துப் பெயர் சொல்ல, தப்பிப் பிழைத்த சுற்றத்தார் அருகிலேயே இருந்தார்கள். ஆனால் இவ்வாறான பேரிடரில் ஐயம் எவ்வளவு எளிதாக முளைக்கும் என்பதை எண்ணுங்கள். பாட்டன், மகன், பேரன் மூவரும் ஒரே இரவில் ஒரே கூரையின் கீழ் மாண்டுபோனால், ‘இவன் என் பிள்ளை’ என்று சொல்ல எவர் மிஞ்சுவார்? பத்து நாள் ஆற்றில் கிடந்த உடலின் முகத்தை எவர் அறிவார்? எவரும் மிஞ்சாத வீட்டுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரத்தம் மலையில் இல்லை, கயத்தாற்றில் இருக்கிறது. ஆகவே இது நம் வீட்டுக் கேள்வி.

கண் சொல்லும் பொய்

‘பெற்றவளுக்குத் தன் பிள்ளையைத் தெரியாதா?’ என்று கேட்பீர்கள். தெரியாது, தாய்மார்களே! உங்கள் அன்பில் குறை கண்டு இதைச் சொல்லவில்லை. நெருப்பும் நீரும் முகத்தை அழித்துவிடுகின்றன. அழுது வீங்கிய கண், காண விரும்புவதைக் காண்கிறது. அல்லது பார்க்க அஞ்சி, முதலில் காட்டிய உடலுக்கே தலையசைத்துவிடுகிறது. இதனால்தான் சர்வதேசப் போலீஸ் அமைப்பான இன்டர்போல், பேரிடரில் மாண்டவரை அடையாளம் காண விரல்ரேகை, பல்வரிசை, மரபணு ஆகிய மூன்றையே முதன்மைச் சான்றுகளாக ஏற்கிறது. முகம் பார்த்துச் சொல்வது போதாது என்பது அதன் விதி.

விதியை மீறினால் என்ன நேரும் என்பதற்கு மங்களூர் சாட்சி. 2010 மே 22 அன்று துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் மாண்டனர். அவர்களில் பலர் வளைகுடாவில் உழைத்து விடுமுறைக்கு வீடு திரும்பியவர்கள். பெரும்பாலான உடல்களை உறவினர் பார்த்துச் சொன்ன அடையாளத்தின்பேரில் கொடுத்துவிட்டார்கள். மிஞ்சிய 22 உடல்களின் மாதிரிகள் மட்டும் ஐதராபாத்தின் மரபணு ஆய்வு மையத்துக்குப் போயின. முடிவு என்ன? 10 உடல்களுக்கு உறவு பொருந்திற்று. 12 உடல்கள், உடல் கிடைக்காமல் காத்திருந்த எந்தக் குடும்பத்தோடும் பொருந்தவில்லை. அந்தப் பன்னிரண்டையும் மங்களூரை அடுத்த கூளூரில் அடக்கம் செய்தார்கள்.

இதன் பொருளைச் சற்று நிறுத்தி நினையுங்கள். கூளூரில் கிடக்கும் பன்னிரண்டு பேரின் வீடுகளில் அழுகை ஓய்ந்திருக்கும். அந்த வீடுகள் வேறு யாரையோ தம்மவர் என்று எண்ணி அடக்கமோ தகனமோ செய்துவிட்டன. தம்மவர் உடலுக்காக ஆய்வுக்கூட வாசலில் காத்திருந்த குடும்பங்களோ வெறுங்கையோடு திரும்பின. மாதிரியை எடுத்து வைத்துவிட்டு உடலைக் கொடுத்திருந்தால், இந்தக் கொடுமையை முளையிலேயே கிள்ளியிருக்கலாம்.

2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்தில் 260 பேர் மாண்டனர். அப்போது மரபணுச் சோதனை பெருமளவில் நடந்தது; அந்த வகையில் நாடு பாடம் கற்றிருக்கிறது. ஆயினும் பிரிட்டனுக்குச் சென்ற சவப்பெட்டிகளில் ஒன்றில் வேறொருவர் உடலும், மற்றொன்றில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எச்சங்களும் இருந்தன என்று அக்குடும்பங்களின் வழக்கறிஞர் புகார் கூறினார். எல்லாம் முறைப்படியே நடந்தன என்றது இந்திய அரசு. சோதனைக்கூடம் சரியாகச் சொன்னாலும், பெட்டியில் வைக்கும் கை தவறினால் தவறு தவறுதான் என்பதை அந்தச் செய்தி நமக்கு உணர்த்துகிறது.

நெருப்பு திருப்பித் தராது

2023 ஜூன் 2இல் ஒடிசாவின் பாலசோர் அருகே சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்துக்குள்ளாயிற்று. ஏறத்தாழ 300 பேர் மாண்டனர். ஒரே உடலுக்கு இரு குடும்பங்கள் உரிமை கேட்டன. மரபணு முடிவுக்காக மக்கள் புவனேசுவரத்தில் வாரக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். நான்கு மாதங்களுக்குப் பின் யாரும் கேளாத 28 உடல்களைத் தகனம் செய்தார்கள்.

மண் பொறுமையானது. அது வைத்திருப்பதைத் திருப்பிக் கேட்டால் கொடுக்கும். நெருப்பு கொடுக்காது. அடையாளம் தெரியாத உடலை எரிக்கலாகாது. தனித்தனியே, எண்ணிட்டு, வரைபடம் வைத்துப் புதைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவைச் சங்கமும் சேர்ந்து 2006இல் வெளியிட்ட கையேடு சொல்வது இதனால்தான். ‘பிணம் கிடந்தால் கொள்ளைநோய் வரும், உடனே மூடு’ என்று அவசரப்படுத்துவார்கள். இயற்கைப் பேரிடரில் மாண்டவர் உடல்களால் கொள்ளைநோய் பரவுவதில்லை என்று அதே கையேடு தெளிவாகக் கூறுகிறது. நம் நாட்டின் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010இல் இறந்தோர் உடல்களைக் கையாள்வதற்கென்று தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. ஏடு இருக்கிறது, எடுத்துப் படிக்கும் அதிகாரிதான் வேண்டும்.

தோண்டாதே என்போர் வாதம்

இனி நேராகக் கேள்விக்கு வருவோம். தோண்டலாகாது என்போர் மூன்று காரணங்கள் காட்டுகிறார்கள். மூன்றும் எள்ளி நகையாடத் தக்கவை அல்ல.

மண்ணுக்குப் போனதை மண்ணிடமே விடு என்பது முதலாவது. பால் தெளித்து, பதினாறு முடித்து, படத்துக்கு மாலையிட்டு, மாண்டவரை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடத் தொடங்கிவிட்ட குடும்பத்தின் முன்னே மண்வெட்டியோடு போய் நிற்பது எளிதா? சடங்கில் நம்பிக்கை இல்லாத நம் தோழரும் அந்த வீட்டு வாசலில் தலை குனிந்தே நிற்க வேண்டும். ஆதிச்சநல்லூரில் தாழிகளுக்குள் மாண்டவரோடு உணவுக் கலமும் வைத்து அடக்கம் செய்த மக்களின் மண் இது. இறந்தவருக்குச் செய்யும் மரியாதை இங்கே நேற்று வந்த பழக்கம் அன்று.

ஒரு குழியைத் திறந்தால் இரண்டு வீட்டுத் துயரம் திறக்கும் என்பது இரண்டாவது. உங்கள் குழியில் கிடப்பது உங்கள் பிள்ளை அல்லன் என்றால், அவன் வேறொருவர் பிள்ளை. அப்படியானால் அந்த வேறொருவர் புதைத்தது யாரை? கேள்வி ஒரு வீட்டோடு நில்லாது; ஊர் ஊராகப் போகும்.

மூன்றாவதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஏழை வீட்டில் அதுவே பெரிது. ‘உடல் மாறிவிட்டது என்றால் கொடுத்த நிவாரணப் பணத்தைத் திருப்பிக் கேட்பார்களோ?’ என்ற அச்சம் அது. கடனை அடைத்தாயிற்று, பெண்ணுக்குத் திருமணம் செய்தாயிற்று, இனி எதைத் திருப்பிக் கொடுப்பது? இந்த அச்சமே பல ஐயங்களை வாய்திறவாமல் புதைத்துவிடுகிறது.

தோண்டு என்போர் நியாயம்

மறுபக்கத்தில் இருப்பவள் ஒரு தாய். தன் மகன் மாண்டான் என்பதற்கு அவளிடம் ஒரு தாள் உண்டு. அவன் எங்கே என்பதற்கு ஒன்றும் இல்லை. நடுஇரவில் கதவு தட்டினால் அவன்தானோ என்று எழுந்திருப்பாள். பொய்யான அடக்கத்தால் வரும் அமைதி அவளுக்கு வேண்டாம்; உண்மையால் வரும் துயரம் போதும் என்பாள்.

ஸ்பெயின் நாட்டிலே இது நடந்தது. 2003 மே 26இல் ஆப்கானிஸ்தானிலிருந்து திரும்பிய 62 ஸ்பானிய இராணுவத்தினர், துருக்கியின் திராப்சோன் அருகே விமானம் மலையில் மோதி மாண்டனர். இரண்டே நாளில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. அரசர் வந்தார், அமைச்சர்கள் வந்தார்கள், கொடி போர்த்திய பெட்டிகளைக் குடும்பங்களிடம் கொடுத்தார்கள். ஐயம் கொண்ட குடும்பங்கள் விடவில்லை. 2004இல் கல்லறைகள் திறக்கப்பட்டன. மரபணுச் சோதனை சொன்னது என்ன தெரியுமா? 62இல் 30 உடல்கள் தவறான பெயரில் கொடுக்கப்பட்டிருந்தன! பொறுப்பாக இருந்த இராணுவத் தளபதி 2009இல் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். குழியைத் திறந்திராவிட்டால், அந்த முப்பது பொய்களும் அரசு முத்திரையோடு நிலைத்திருக்கும். மாண்டவர் அடையாளத்தோடு அதிகாரத்தின் பொறுப்பும் அந்தக் குழிகளிலிருந்து வெளியே வந்தது.

மூன்று உரைகல்

ஆகவே, எல்லாக் குழியையும் தோண்டு என்பதும் பிழை. எந்தக் குழியையும் தொடாதே என்பதும் பிழை. மூன்று உரைகல்லில் தேய்த்துப் பார்த்து முடிவு செய்வோம்.

ஐயத்துக்கு ஆதாரம் உண்டா? இது முதல் கல். தெருவில் கேட்ட பேச்சு ஆதாரமாகாது. ஒரே உடலுக்கு இருவர் உரிமை கேட்டது, பெட்டி எண்ணும் பிணக்கூடப் பதிவேட்டு எண்ணும் மாறுபட்டது, காலில் இரும்புத் தகடு வைத்தவன் உடலில் தகடு இல்லாதது, மங்களூரைப் போல மிஞ்சிய உடல்கள் யாரோடும் பொருந்தாமல் நிற்பது, இவை ஆதாரங்கள்.

தோண்டினால் விடை கிடைக்குமா? இது இரண்டாம் கல். விடை தராத தோண்டுதல் வெறும் வதை. அமெரிக்கர்கள் இதற்கு ஓர் அளவு வைத்தார்கள். 1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகத்தில் ஒக்லஹோமா என்ற போர்க்கப்பலோடு மூழ்கியவர்களில் 388 பேர் பெயர் தெரியாதவராய் ஹவாயில் புதைக்கப்பட்டிருந்தார்கள். கலந்து புதைந்த உடல்களில் குறைந்தது 60 விழுக்காட்டினரையாவது பெயர் சொல்லிப் பிரிக்க முடியும் என்றால் மட்டுமே குழியைத் திறப்பது என்று 2015இல் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை விதி செய்தது. திறந்தார்கள். முக்கால் நூற்றாண்டுக்குப் பின்னும், 2021க்குள் 361 பேருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. எலும்பும் பல்லும் அவ்வளவு காலம் பேசும்.

ஆனால் எல்லா மண்ணிலும் ஒரே அளவு பேசாது. நம் கரிசல், சுண்ணாம்பு கலந்த மண். எலும்பைப் பெரிதும் காக்கும். தேயிலை வளரும் மலை மண்ணோ புளிப்பு மண், மழையும் மிகுதி, எலும்பை அரித்துவிடும். ஆதலால் மலைத்தோட்டத்துக் குழியில் ஐயம் எழுந்தால் கோப்பைக் கிடப்பில் போடுவது ஐயத்தை நிரந்தரமாக்குவதாகும். தீ விபத்திலும் அப்படித்தான். கடும் வெப்பம் மரபணுவை அழிக்கும். தாடைக்குள் புதைந்த பல்லும் பருத்த எலும்பின் உட்பகுதியும்தான் அப்போது நம்பிக்கை. தோண்டுவதற்கு முன்பே நிபுணர் இதைச் சொல்லிவிட வேண்டும். கிடைக்காத விடையைக் காட்டித் தாயை ஏமாற்றலாகாது.

உரியவர் எல்லோரையும் கேட்டாயிற்றா? இது மூன்றாம் கல். கேட்கும் குடும்பம் ஒன்று. அந்தக் குழியைத் தமது என்று கும்பிடும் குடும்பம் இன்னொன்று. இரண்டையும் உட்கார வைத்துப் பேச வேண்டும். முதலில் மாண்டவரைத் தொடாமல் உயிரோடு இருப்பவரைச் சோதியுங்கள். சேமித்து வைத்த மாதிரி இருந்தால் இரு வீட்டாரின் இரத்தத்தோடும் ஒப்பிட்டாலே போதும், மண்வெட்டிக்கே வேலை இல்லை. மாதிரி இல்லாதபோது மட்டுமே குழி. அப்போதும் உரியவர் முன்னிலையில் ஒரு பல்லோ ஓர் எலும்புத் துண்டோ எடுத்துக்கொண்டு, அன்றே மூடிவிட வேண்டும். ஒரு வீட்டார் மறுத்தால்? நடுவர் இரு பக்கமும் கேட்டு முடிவு சொல்லட்டும். என் கருத்தைக் கேட்டால் சொல்வேன்: தம்முடையதாகவே இல்லாதிருக்கக்கூடிய குழியைக் காக்க நினைப்பவரின் உரிமையைவிட, தம் பிள்ளை எங்கே என்று அறியாதவரின் உரிமை கனமானது.

சட்டத்தில் ஓர் ஓட்டை

சட்டம் என்ன சொல்கிறது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 176ஆம் பிரிவு, புதைத்த உடலைத் தோண்டி எடுத்துச் சோதிக்க நடுவருக்கு அதிகாரம் தந்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 196ஆம் பிரிவு அதையே சொல்கிறது. எதற்காகத் தோண்டலாம்? சாவின் காரணத்தைக் கண்டறிய! எப்படிச் செத்தான் என்று கேட்கச் சட்டம் உண்டு. செத்தவன் யார் என்று கேட்பதைப் பற்றி அந்தப் பிரிவில் ஒரு சொல் இல்லை.

2022 செப்டம்பரில், தன் மகன் உடலைத் தோண்டித் தரக் கேட்ட காஷ்மீரத் தந்தை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாளேறி உடல் சிதைந்திருக்கும் என்று சொல்லி அவர் கோரிக்கையை மறுத்தது. ஆனால் தோண்டியெடுத்தல் குறித்துத் தனிச் சட்டம் இயற்றுவதை ஒன்றிய அரசு எண்ணிப் பார்க்கலாம் என்றும் கூறிற்று. மரபணுச் சோதனைக்கென 2019இல் மக்களவையில் கொண்டுவந்த மசோதாவோ 2023இல் திரும்பப் பெறப்பட்டது. காணாமற்போனவரையும் பெயர் தெரியாத பிணங்களையும் இணைக்கும் பட்டியல் அதில் இருந்தது. சந்தேகத்துக்கு ஆளானவர்களின் மரபணுவையும் அதே கிடங்கில் சேர்ப்பார்கள் என்ற கண்டனமும் எழுந்தது. அந்தக் கண்டனம் நியாயமானது. அதற்காகப் பிணவறைக்கு வேண்டிய சட்டத்தையும் சேர்த்துக் கைவிடுவது என்ன நியாயம்? மாண்டவருக்கு வேண்டியதைப் போலீசாருக்கு வேண்டியதிலிருந்து பிரித்துத் தனியே இயற்றலாமே!

வழி இல்லாமல் இல்லை. 2024 ஜூலை 30 வயநாட்டு நிலச்சரிவைப் பாருங்கள். சாலியாற்று வெள்ளம் உடல்களையும் உடற்பகுதிகளையும் நிலம்பூர் வரை அடித்துச் சென்றது. கேரள அரசு அவற்றின் மரபணு மாதிரியை எடுத்துக்கொண்டு, புத்துமலையில் எண்ணிட்ட குழிகளில் புதைத்தது. சோதனை முடிவு வரவர எண் இருந்த இடத்தில் பெயர் எழுதப்பட்டது. உறவினர் விரும்பினால் எடுத்துச் செல்லவும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். காணாமற்போனவரை ஏழாண்டு காத்திராமல் மாண்டவராக அறிவிக்க 2025 ஜனவரியில் ஆணையும் பிறந்தது. மாதிரி முதலில், மண் பிறகு! இந்த ஒரு முறை மாறாதிருந்தால் தோண்டும் கேள்வியே அரிதாகிவிடும்.

நம் பயர் ஆபீசுகள்

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் இடையே வெடி விபத்துக்கு நாள் கிழமை உண்டா? 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் 38 பேர் மாண்டனர். முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. அவர்கள் பெயர் எந்த வருகைப் பதிவேட்டில் இருக்கும்? 2021 பிப்ரவரி 12இல் அச்சன்குளத்தில் 20க்கு மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் ஒருவர் பெயரில், குத்தகை இன்னொருவர் கையில் என்று ஷெட்டு ஷெட்டாக உள்குத்தகை விடும் பழக்கம் இந்தத் தொழிலில் இருக்கும்வரை, காலையில் வேனில் ஏறி வந்தவர் எத்தனை பேர் என்று மாலையில் அறுதியிட்டுச் சொல்வார் யார்? உயிரோடு இருந்தபோது பெயர் எழுதாதவனுக்குச் செத்த பின் எப்படிப் பெயர் கிடைக்கும்?

2025 ஜூன் 30இல் தெலங்கானாவின் பாசமைலாரத்தில் சிகாச்சி மருந்துத் தொழிற்சாலை வெடித்தது. 46 உடல்கள் அடையாளம் காணப்பட்டன. 8 பேரின் எச்சமே கிடைக்கவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் அங்கே வேலை பார்த்தவர்கள். உடலுக்காகக் காத்திருந்த குடும்பங்களை ஊருக்குப் போய் மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். அன்று நம்மவர் மலையேறினார்கள். இன்று வடக்கிலிருந்து பிள்ளைகள் நம் பக்கம் வேலைக்கு வருகிறார்கள். கயத்தாற்றுத் தாய்க்கு நாம் கேட்கும் நியாயத்தைப் பீகாரத் தாய்க்கும் கேட்காவிட்டால், நாம் கேட்பது நியாயம் ஆகாது. வெறும் சொந்தபந்தம் ஆகும்.

தோழர்கள் செய்ய வேண்டியவை

வெடிச் சத்தம் கேட்டதும் முதலில் ஓடுபவர்கள் நீங்கள். ஆம்புலன்சு வருமுன் நிற்பவர்களும் நீங்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியவை சில உண்டு.

அன்று மாலைக்குள் ஊர் ஊராகப் போய், காலையில் வேலைக்குப் போனவர் யார், திரும்பாதவர் யார் என்று பட்டியல் எழுதுங்கள். முதலாளி தரும் எண்ணிக்கைக்குக் காத்திராதீர்கள். அரசு மருத்துவமனைப் பிணவறையில் உடலுக்கு இட்ட எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முகம் சிதைந்த உடலாயின், மாதிரி எடுக்காமல் யாருக்கும் கொடுக்கலாகாது என்று கோட்டாட்சியரிடம் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் கேளுங்கள். ‘கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், கூட்டம் சேருகிறது’ என்று அவசரப்படுத்தினால், குடும்பத்தின் பக்கத்தில் நின்று பொறுமை சொல்லுங்கள். மறியலுக்கு நமக்கு ஆயிரம் நாள் உண்டு. ஆனால் மாதிரி எடுக்கும் நாள் அது ஒன்றுதான். அடையாளம் தெரியாத உடலை எரிக்க விடாதீர்கள். வேற்றூர்த் தொழிலாளி என்றால், அவன் ஊரில் இருக்கும் தாய், உடன்பிறந்தாரின் மாதிரி வரும்வரை உடலோ, குறைந்தது மாதிரியோ காக்கப்பட வேண்டும்.

அரசிடம் நாம் கேட்பவை நான்கு. சாவின் காரணம் மட்டுமன்றி மாண்டவர் அடையாளம் அறியவும் தோண்டலாம் என்று சட்டத்தில் எழுதுக! விண்ணப்பத்துக்குக் காலக்கெடு வைத்து முடிவு சொல்க! சோதனைச் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டாது அரசே ஏற்றுப் பின்பு ஆலை உரிமையாளரிடம் வசூலிக்க! உடல் மாறிப்போனது தெரிய வந்தாலும், மாண்டவர் குடும்பத்துக்குக் கொடுத்த நிவாரணத்தைத் திரும்பக் கேட்கமாட்டோம் என்று ஆணையிடுக! இந்த நான்காவது இல்லாமல் முதல் மூன்றும் ஏழைக்குப் பயன்படா.

தோழர்களே! புதைத்த உடலைத் தோண்டுவது எவருக்கும் இன்பம் தரும் செயல் அன்று. கடைசி வழியாகவே அதை நாம் ஏற்கிறோம். ஆதாரம் இருந்தால், விடை கிடைக்குமானால், உரியவர் கேட்டால் தோண்டத்தான் வேண்டும். கல்லில் பொய்ப் பெயர் எழுதி நிறுத்துவது மாண்டவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தோண்டும்போது ஒன்றை மறவாதீர்கள்: அந்தக் குழியில் ஐயத்தைப் புதைத்தவர்கள் குடும்பத்தார் அல்லர். பெயர் எழுதாத பதிவேடும், மாதிரி எடுக்காத அவசரமும், கேள்வி கேட்டவளை வாசலில் நிறுத்திய அலுவலகமும்தான் அதைப் புதைத்தன. அவற்றை நாம் உயிரோடு இருக்கும்போதே சீர்செய்வோம். வேலைக்குப் போகிற ஒவ்வொருவர் பெயரும் காலையில் எழுதப்படுகிற ஊரில், மாண்டவர் பெயரைத் தேடி எவரும் மண்ணைக் கிளற வேண்டியிராது.